ஏடுகளில் துயிலும் நம் முன்னோர்

கடலூர்ப் பகுதியிலும் சிதம்பரப் பகுதியிலும் வாழும் குடும்பங்கள் பங்குக் குருவிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சாமி, எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் கோயில் ஏட்டில் இருக்குமா?” இருக்கக்கூடும், தேடும் முறை தெரிய வேண்டும்.

திருமண ஏடு வைக்கும்படி பங்குக் குருக்களைப் பணித்தது திரிதெந்தீன் சங்கம், ஆண்டு 1563. நம் பகுதியின் மறைபரப்புப் பொறுப்பை 1776இல் ஏற்ற பாரிசு வேதபோதக சபைக் குருக்களும் அவ்வழியே ஏடுகளைப் பேணினர். எழுதியது இலத்தீனில். அங்கேதான் நம்மவர் திகைப்பர். பெத்ருஸ் என்றிருப்பவர் நம் இராயப்பனே. பவுலுஸ் சின்னப்பன், யொவான்னெஸ் அருளப்பன், ஸ்தேபானுஸ் முடியப்பன், அந்திரேயாஸ் பெலவேந்திரன், அலோசியுஸ் ஞானப்பிரகாசம். வீட்டில் வழங்கிய செல்லப் பெயரை ஏட்டில் தேடிப் பயனில்லை.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கம் மற்றொரு சிக்கல். இராயப்பன் மகன் சவரிமுத்து, சவரிமுத்து மகன் இராயப்பன் என்று மாறி மாறி வரும். குடும்பப் பெயரும் நம்மிடையே இல்லை. ஆதலின் தாயின் பெயர், ஊர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகிய நான்கையும் ஒப்பிட்ட பின்னரே இவர்தாம் அவர் எனத் துணிய வேண்டும்.

அண்மையிலிருந்து பின்னோக்கிச் செல்வதே நலம். 1908ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல், ஒருவருடைய திருமணத்தை அவரது ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். அவ்வோரக் குறிப்பு, திருமணம் நடந்த பங்கைக் காட்டித் தரும். மாமன் மகளை மணந்தோரின் பதிவில் இரத்த உறவுத் தடைக்கு விலக்களித்த செய்தி இருக்குமாயின், அது பெரும் புதையல்! இரு குடும்பங்களும் எந்த இடத்தில் இணைகின்றன என்பதை அதனின்று அறியலாம்.

பெயர் அகப்படவில்லையெனில் ஊர் அன்று எப்பங்கைச் சேர்ந்திருந்தது என வினவுங்கள். கும்பகோணம் மறைமாவட்டமே 1899இல் புதுவையினின்று பிரிந்ததுதான். ஏட்டைக் கரையான் தின்றிருந்தாலும் மனந்தளர வேண்டா. ஆண்டுதோறும் ஏட்டின் படியொன்றை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டுமென 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு விதித்தது, அங்கும் கேட்கலாம்.

தேடுவோர் சிலர் ஏமாற்றமடைவதும் உண்டு. வீரமாமுனிவர் காலத்துக் கிறிஸ்தவர் நாங்கள் என்று பெருமை பேசிய குடும்பத்தின் தொடர், 1877ஆம் ஆண்டில் வளர்ந்த பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரோடு நின்றுவிடலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது திருமறை தழுவியோர் பல்லாயிரவர். பசியால் வந்தவர் என்று அவரை இகழ்வது நமக்கு உடன்பாடன்று. பஞ்சம் நீங்கிய பின்னும் விசுவாசத்தில் நிலைத்துத் தம் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்து வந்தவர் அவர். அப்பிள்ளைகளின் பெயர்களும் அதே ஏட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் உள்ளனவே! பழைய ஏடுகளில் சாதியும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அதைத் தேடி வருவோரை நாம் ஊக்குவிப்பதில்லை. தந்தை பெயரின்றி எழுதப்பட்ட குழந்தையைப்பற்றி வெளியார் கேட்பினும் நாம் வாய் திறவோம்.

நாடி வருவோர் ஊரின் பெயர், ஏறத்தாழ ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தாளில் எழுதி வாருங்கள். ஞாயிறு பூசை முடிந்த நெரிசலில் வேண்டா. வார நாளொன்றில் வாருங்கள். நைந்த தாளைப் பசைநாடா கொண்டு ஒட்ட முயலாதீர்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதும் கூடாது.