வரியும் புள்ளியும்

மனிதரை வேறுபடுத்தி அறிதற்குக் கைரேகை துணை செய்வது போல, சில விலங்குகளை ஒன்றினின்றொன்று பிரித்தறிதற்கு அவற்றின் உடற்கோலமே துணை செய்கின்றது. ஆபிரிக்கப் புல்வெளிகளில் மேயும் வரிக்குதிரைகள் தொலைவில் நின்று காண்பார்க்கு ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். நிழற்படங்களை ஒப்புநோக்குவார்க்கோ, எவ்விரண்டின் வரிகளும் ஒத்திருப்பதில்லை என்பது புலனாகும். 2016ஆம் ஆண்டிலே கென்யாவில் கிரெவி இன வரிக்குதிரைகளைக் கணக்கிட்டபோது, பொதுமக்கள் பலர் அவற்றின் வலப்பக்கத்தைப் படம்பிடித்து உதவினர். ஒரே விலங்கின் இருபக்க வரிகளும் தம்முள் வேறுபடுவன ஆதலின், ஒரு பக்கத்தையே கொள்ளுதல் வேண்டிற்று. கணினி அவ்வரிகளை ஒப்பிட்டு, ஒரு விலங்கு இருமுறை எண்ணப்படாதவாறு காத்தது.

இக்கோலம் சிலவேளைகளிற் பிறழ்வதும் உண்டு. 2019 செப்டெம்பர் மாதம் மசாய் மாராவில், வரிகளுக்குப் பதிலாக வெண்புள்ளிகளை உடைய கரிய குட்டியொன்று நிழற்படத்திற் பதிவாயிற்று. மெலனின் எனும் நிறப்பொருள் உரோமத்திற் சேரும் ஒழுங்கு மாறுபடுவதால் இத்தகைய மாற்றங்கள் விளைகின்றன.

ஆபிரிக்காவை விடுத்து, யான் ஆசிரியப் பணி புரியும் நோர்வூட்டைச் சூழ்ந்த மலைகளுக்கு வருவோம். இங்கே வரிக்குதிரை இல்லை, சிறுத்தை உண்டு. தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளும் ஓடைக்கரைகளும் அதன் உறைவிடமும் வழியுமாகும். இலங்கைச் சிறுத்தையைத் தனியொரு துணையினமாக 1956ஆம் ஆண்டிலே தெரணியகல வகுத்துரைத்தார். அதன் பொன்னிற உடலிற் பூவிதழ் போல் வட்டமாய் அமைந்த புள்ளிகளும் விலங்குக்கு விலங்கு வேறுபடுவனவே. சிறுத்தை மனிதர் கண்ணிற் படாது இரவில் உலாவுவது. எனவே ஆய்வாளர் அது செல்லும் தடத்தின் இருமருங்கும் தானியங்கி நிழற்படக் கருவிகளைப் பொருத்தி, இருபக்கப் புள்ளிகளையும் ஒருங்கே பதிவு செய்கின்றனர். “நேற்றும் புலி வந்தது, இன்றும் புலி வந்தது” என்று லயத்தில் உள்ளோர் கூறும்போது, வந்தவை இரண்டா அன்றி ஒன்றேயா என்பதை இப்படங்களே தெளிவிக்க வல்லன.

சிறுத்தையிலும் நிறமாற்றம் உண்டு. கருஞ்சிறுத்தை வேறோர் இனமன்று. பின்னிடைவான பரம்பரையலகு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து கூடும்போது குட்டி கருமையாகப் பிறக்கின்றது. அவ்வலகை மறைவாகத் தாங்கிய புள்ளிச் சிறுத்தைகள் இரண்டு கூடின், ஈனும் குட்டிகளுள் நான்கில் ஒன்று கருமையாதல் கூடும். அதன் கருமைக்குள்ளும் புள்ளிகள் அழிவதில்லை, மறைந்தே கிடக்கின்றன. சிறுத்தைகள் பெரும்பாலும் கருமையாகவே காணப்படும் மலாயாத் தீபகற்பத்தில், ஒன்றையொன்று பிரித்தறிய வழியின்றி ஆய்வாளர் இடர்ப்பட்டனர். பின்னர், கருவியின் ஒளியுணரும் பகுதியை மூடி, பகலையும் இரவென அது கொள்ளுமாறு செய்தனர். எந்நேரமும் செங்கீழ்க் கதிரொளியில் எடுக்கப்பட்ட அப்படங்களிலே மறைந்த புள்ளிகள் தெளிவுறத் தோன்றின. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது.

நமது மலையகத்திலும் 2019ஆம் ஆண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தாரின் கருவியிற் கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. நாடே வியந்தது. ஆனால், 2020 மே மாத இறுதியில், நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்திலே கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும், சில நாட்களுள் அது உயிர் நீத்தது. காட்டுப்பன்றிக்கென இடப்படும் சுருக்கு, வருவது பன்றியோ சிறுத்தையோ என்று பார்ப்பதில்லை.

தோட்ட மக்களின் அச்சம் பொருளற்றதென்று யான் கூறேன். கொழுந்து பறிப்போர் சிறுத்தையால் தாக்குண்ட நிகழ்ச்சிகள் உள. வளர்ப்பு நாய்களை இழந்த வீடுகளும் பல. பன்றி அழித்த மரக்கறித் தோட்டத்தைக் கண்டு வருந்தும் ஏழையின் துயரும் மெய்யே. எனினும், சுருக்கு அத்துயரைத் தீர்ப்பதன்று. அதில் அகப்பட்டு வெகுண்டு நிற்கும் சிறுத்தையை நெருங்குவோருக்கும் அதனால் ஆபத்தே விளைகின்றது.

புள்ளிகளைப் படித்தறியும் கலை காட்சியின்பத்திற்கு மட்டும் உரியதன்று. பெயரற்ற ‘புலி’ ஒன்று மடிந்தால் அது ஒருநாட் செய்தி. எந்தக் கரையில் உலாவியது, எத்தனை குட்டிகளை ஈன்றது என்று அறியப்பட்ட ஓருயிர் மடிந்தால் அதன் இழப்பு நமக்கு விளங்கும். மலையக மாணவர் தம் மலையில் வாழும் உயிர்களை இவ்வாறு அறிவாராயின், நாளை சுருக்குக் கம்பியை முறுக்கும் கை ஒருகணம் தயங்கவும் கூடும்.