கடற்கரையில் ஓடப் போறீங்களா? மூச்சு சொல்றதைக் கேளுங்க!

"எங்களையெல்லாம் நட, ஓடுன்னு விரட்டுறீங்களே டாக்டர்... நீங்க ஓடுறீங்களா?"

சர்க்கரை நோய்க்காக என்னிடம் வந்துகொண்டிருக்கும் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. வயது 46. காலையில் சமையல், பிறகு ஆபீஸ், சாயங்காலம் பிள்ளைகளின் படிப்பு என்று ஓயாத உழைப்பு. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

எனக்கு வயது 54. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து நாடி பார்க்கிற தொழில். இரண்டு மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். தொந்தியை மறைக்கச் சட்டையைத் தொளதொளவென்று தைத்துக்கொள்வேன்! வைத்தியனே இப்படி இருந்தால் நோயாளி எப்படி நம்புவார்?

"அடுத்த மாசம் வாங்கம்மா. ஓடிப் பார்த்துட்டு என்ன நடந்ததுன்னு சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடம் சொன்னதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

வைத்தியனுக்கே ஈசிஜி!

ஷூ வாங்குவதற்கு முன்னால் நான் செய்த முதல் காரியம், இதய நோய் நிபுணர் ஒருவரிடம் போனது. "என்ன சார், சித்த வைத்தியர் நீங்க... எங்ககிட்ட வந்திருக்கீங்க?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரணம், என் அண்ணன்.

அண்ணன் இறந்தபோது அவருக்கு வயது 51. ஒருநாள் காலையில் நெஞ்சு கனமாக இருக்கிறது என்றிருக்கிறார். "ராத்திரி சாப்பிட்ட உருளைக்கிழங்கு... வாய்வுதான்" என்று அவரே முடிவுசெய்து, சோடா குடித்தார், பெருங்காயம் போட்ட மோர் குடித்தார். அண்ணி நெஞ்சைத் தடவிவிட்டார். மூன்று மணி நேரம் இப்படியே போயிற்று. நான் ஊரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி வைத்தியனாக இருந்தும் ஒரு போன் வரவில்லை. "வாய்வுக்கெல்லாம் தம்பியை எதுக்குத் தொந்தரவு பண்றது" என்று அண்ணன் சொன்னாராம். இன்றைக்கும் அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடுவதில்லை.

ஆகவே சொல்கிறேன். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள்... பரிசோதனை செய்துகொள்ளாமல் ஓட ஆரம்பிக்காதீர்கள். படுத்துக்கொண்டு எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தால் மட்டும் போதாது. தேவைப்பட்டால் டாக்டர் டிரெட்மில் பரிசோதனையும் செய்யச் சொல்வார். எனக்குச் செய்தார். 'ஓடலாம், மெதுவாக' என்று சொல்லி அனுப்பினார்.

அந்த 'மெதுவாக'வைத்தான் நான் காதில் வாங்கவில்லை!

"யார் தம்பி துரத்துறா?"

சென்னை மெரினா. காலை ஐந்தரை மணி. உழைப்பாளர் சிலை அருகே நின்றேன். 1959-ல் திறக்கப்பட்ட சிலை அது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் சேர்ந்து பாறையை நெம்புகிறார்கள் பாருங்கள், அவர்கள் உடம்பில் எந்தத் தசை எங்கே இழுபடுகிறது என்று எனக்கு உடற்கூறு வகுப்பே நினைவுக்கு வந்துவிட்டது.

கீழ்வானம் செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தது. தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் இந்தக் கடற்கரையில் உலாவும் பாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக 'மெரினா' என்று பெயர் வைத்தார். இங்கிருந்து காந்தி சிலை வரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். 'இது என்ன பிரமாதம்! பாளையங்கோட்டையில் படிக்கும்போது நூறு மீட்டரில் பரிசு வாங்கினவனாச்சே!' என்று கிளம்பினேன்.

மாநிலக் கல்லூரிக் கட்டடம்கூட எட்டவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாய் உலர்ந்தது. விலாவில் ஊசி குத்துகிற மாதிரி வலி. கால் இரண்டும் மரக்கட்டை. 'அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ' என்று ஒரு விநாடி நினைத்தேன் பாருங்கள்... அந்தப் பயம் எதிரிக்குக்கூட வேண்டாம்.

எதிரே கைத்தடியோடு வந்த பெரியவர் ஒருவர் நின்றார். "யார் தம்பி துரத்துறா? எதுக்கு இப்படி ஓடுறே?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

"பேச முடியலேன்னா நடக்கணும். நடந்துகிட்டே மூச்சை விடு" என்றார் அவர். அவரோடு மெதுவாக நடந்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சமனப்பட்டது, விலா வலியும் போயிற்று. நெஞ்சில் பாரம் எதுவும் இல்லை. அளவுக்கு மீறி ஓடியதால் வந்த இளைப்புதான்!

இளைப்பும் ஒரு வேகம்

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்லூரியில் முதலில் படித்த பாடங்களில் ஒன்றையல்லவா மறந்துவிட்டேன்! அடக்கக்கூடாத வேகங்கள் 14 என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தும்மல், சிறுநீர், பசி, தாகம், தூக்கம்... இவற்றை அடக்கக்கூடாது என்று நம் வீட்டுப் பாட்டிமார்களும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதினான்கில் இளைப்பும் ஒன்று, சுவாசமும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

உடம்பு 'போதும், நில்' என்று சொன்னால் நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது வீரமில்லை. அந்தக் கைத்தடிப் பெரியவர் இரண்டே வரியில் சொன்னது இந்தப் பாடத்தைத்தான். இன்றைய விளையாட்டு மருத்துவமும் இதையே சொல்கிறது: ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

முதல் நாள் கணக்கு

• முதல் 5 நிமிடம் வேகமான நடை.
• பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. இப்படி ஆறு முறை.
• கடைசி 5 நிமிடம் மெதுநடை. சட்டென்று உட்காராதீர்கள். தலை சுற்றும்.

மொத்தம் 28 நிமிடம்தான். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தோன்றட்டும்! ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் தசைநாணும் மூட்டைக் கட்டும் இழைகளும் பழக மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படுபவர்களுக்கு முழங்கால் வலியும் குதிகால் வலியும் வருவது இதனால்தான். சௌகரியமாக இருந்தால் ஓட்டத்தை வாரத்துக்கு அரை நிமிடம் கூட்டுங்கள். சிரமமாக இருந்தால் அதே கணக்கில் இன்னொரு வாரம் இருங்கள்.

மணலா, நடைபாதையா?

'கடற்கரைக்கு வந்துவிட்டு மணலில் ஓடாமலா?' என்பீர்கள். பொதபொதவென்ற மணலில் கால் புதையும். கெண்டைக்கால் சதையும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் இழுபடும். அலையோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும். ஆனால் ஒருபக்கம் சரிவு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று ஓடினால் இடுப்பும் முழங்காலும் தண்டம் கட்ட வேண்டிவரும். புதியவர்களுக்கு, அளவான ஷூ போட்டுக்கொண்டு சமமான நடைபாதையில் ஓடுவதே நல்லது. மணலில் நடக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் மணலில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. கண்ணாடிச் சில்லோ தூண்டில் முள்ளோ குத்தினால் மரத்துப்போன காலுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கடற்காற்று இருக்கே!

இருக்கிறது, எப்போது என்பதுதான் விஷயம். கோடைக்காலத்தில் சென்னையில் கடற்காற்று வருவது பெரும்பாலும் முற்பகலுக்கு மேல்தான். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான் காற்று வீசும். அதுவும் நின்றுபோனால் ஒரே புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை வழியுமே தவிர உலராது. வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? ஆகவே சித்திரை, வைகாசியில் சூரியன் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது நீராகாரம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள். இளநீரும் நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. வியர்வை அடங்கிய பிறகு குளியல். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். பயப்படாதீர்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி, நொச்சி இலை போட்டுக் கொதித்த வெந்நீரை விளாவிக் குளித்தால் இதமாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் சுருக்கென்ற வலியோ, வீக்கமோ, கால் ஊன்ற முடியாத நிலையோ இருந்தால் எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

இது வாய்வு இல்லை!

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஓடும்போதோ நடக்கும்போதோ...

• நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், எரிச்சல்
• அது இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவுதல்
• காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம்
• நின்ற பிறகும் அடங்காத மூச்சுத்திணறல்

இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலி இல்லாமல், வெறும் அசதியும் குமட்டலுமாகவே மாரடைப்பு வரலாம். நின்றதும் வலி போய்விட்டது என்று மறுநாளும் ஓடக் கிளம்பாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். கடைசியில் அது வெறும் வாய்வுதான் என்று தெரிந்தால் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். என் அண்ணனுக்கு அந்தச் சிரிப்புக் கிடைக்கவில்லை.

வாக்குக் கொடுத்தபடி அந்த அம்மாவிடம் என் முதல் நாள் மானம் போன கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களே நடந்துதான் ஓடுறீங்கன்னா நானும் வர்றேன் டாக்டர்" என்றார். பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றாவது மாதம், நிற்காமல் பத்து நிமிடம் ஓடினாராம். மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மாடிப்படி ஏறிவந்து மூச்சு வாங்காமல் பேசுகிறார்.

நான்? காந்தி சிலையை எட்டிவிட்டேன், பாதி ஓட்டம், பாதி நடையாக! அந்தப் பெரியவரை வழியில் பார்த்தால் கும்பிடுகிறேன். "இப்ப பேச முடியுதா தம்பி?" என்கிறார். "முடியுதுங்க ஐயா!" என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறேன்.