அழைப்புக் கடிதம் மகனுக்கு, பத்திரம் அம்மாவிடம்

பழைய ஏதென்ஸ் நகரத்து இளைஞன் 18 வயதானதும் நேராகக் குடிமைப் பயிற்சிக்குப் போய்விட முடியாது. முதலில் ஊர்க்காரர்கள் கூடி வாக்களிப்பார்கள். வயது சரியா? முறைப்படி பிறந்தவனா? தேறினால்தான் இரண்டு ஆண்டுப் பயிற்சி. முதலாண்டு துறைமுகக் காவல். பிறகு மக்கள் முன்னிலையில் கேடயமும் ஈட்டியும் கொடுத்து எல்லைக்கு அனுப்புவார்கள்.

அம்மாவுக்கு இதில் என்ன வேலை? அவளுக்கு வாக்கு இல்லை, சபையில் இடமும் இல்லை. ஆனால் கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாயும் ஏதென்ஸ்காரியாக இருந்தால்தான் மகன் குடிமகன். (சட்டம் போட்டவரையே அது பதம் பார்த்தது. அயலூர்ப் பெண் அஸ்பேசியாவுக்குப் பிறந்த தன் மகனுக்காக அவரே பிறகு சலுகை கேட்க வேண்டியதாயிற்று.)

நம் நாட்டில் 2004இல் தேசிய சேவைப் பயிற்சி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே எனக்கு அழைப்பு வந்தது, மூன்று மாதம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, "போய்ட்டு வாய்யா, எல்லா இனத்துப் பிள்ளைங்களோடயும் பழகு" என்று ஊறுகாய்ப் போத்தலைப் பையில் திணித்தார்.

எதிர் லயத்து நண்பனுக்கு அழைப்பு வரவில்லை. கொடுத்துவைத்தவன் என்றார்கள் சிலர். காரணம் அவன் அம்மாவுக்குத்தான் தெரியும். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. அவரிடம் அடையாள அட்டையும் இல்லை. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கு 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதிவு இல்லையென்றால், பிள்ளையின் குடியுரிமையைச் சட்டம் தாயை வைத்தே பார்க்கிறது. தாயிடமும் பத்திரம் இல்லாவிட்டால் பிள்ளையின் நிலை தொங்கலில்தான்.

நான் முகாமில் கொடிக்கு முன் விறைத்து நின்ற அதே வாரங்களில், அந்த அம்மா காலை வேலையை முடித்துவிட்டு ஈப்போவுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டு. மகனின் குடிமைப் பயிற்சிக்கு ஒரு தாய் செய்த உதவி என்றே இதையும் சொல்வேன். ஊறுகாய் கொடுத்தனுப்புவது எளிது.

2018இல் நின்றுபோன அந்தப் பயிற்சி, 2025இல் 45 நாளாகச் சுருங்கித் திரும்பியிருக்கிறது. வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் பத்திரங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். 12 வயதில் மைகார்டு எடுக்கும்போதுதான் பல வீடுகளில் சிக்கல் வெளியே வருகிறது.

நண்பனுக்கு நீல அட்டை கிடைத்தபோது வயது 29. பயிற்சிக்குப் போகும் வயது எப்போதோ தாண்டிவிட்டது. அந்த வாரமே வாக்காளராகப் பதிந்துகொண்டான். அம்மாவின் விண்ணப்பத்துக்கு அப்போதும் பதில் வரவில்லை.