உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு பிரஷர் மாத்திரை?

அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம், 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்த புறநகர்ப் பகுதி. இதுபோன்ற விளிம்புகளில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசை என்றால் அன்றைய கூலி போச்சு.

'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது இதற்காகத்தான். 2021 ஆகஸ்ட் 5-ல், கர்நாடக எல்லையோரக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு பிரஷர் பார்க்கவும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கவும் பயிற்சி தந்தார்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருவதும் இவர்கள்தான்.

கருவியைப் பழகிக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தியவரிடம் பேசுவதுதான் கஷ்டம். பிரஷர் வலிக்காது, 140/90-ஐத் தாண்டி வருஷக்கணக்கில் இருந்தாலும் பலருக்கு அறிகுறியே தெரியாது. குறைந்தது மாத்திரையால்தான், நாமாக நிறுத்தினால் மறுபடி ஏறும். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும். டாக்டர் சொல்லிக் கேட்காதவரும் பக்கத்துத் தெரு அக்கா சொன்னால் கேட்பார் என்பதுதான் திட்டத்தின் கணக்கு. அந்த அக்காவுக்கோ பெயர் 'தன்னார்வலர்'. கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை.

இன்னொரு சிக்கல், பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகள். வேலைக்குப் போனவர்களை எங்கே பிடிப்பது? 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று 2024-ல் பரிசோதனை தொழிற்சாலைகளுக்கே போனது அதனால்தான்.