தகரப் பெட்டியும் பென் டிரைவும்

தோட்டத்து லயக் காம்பராக்களில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் அதற்குள்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கிய காலத்திலிருந்து, ஒரு துண்டுக் கடதாசியே பல குடும்பங்களின் தலைவிதியைத் தீர்மானித்து வந்துள்ளது. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி ஓடியவர்களில் பலர் அந்தக் கடதாசிகளையும் இழந்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் மீண்டும் மண்சரிவுகளைக் கொண்டுவந்தது.

"எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி பென் டிரைவில் போட்டு வைப்போம்" என்று இன்று எமது பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கையோடு கொண்டு போகக்கூடிய பொருள் கைதவறியும் போகும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரு காலத்தில் கணனித் தகவல்களைப் புளொப்பித் தட்டில் கொண்டு சென்றார்கள். அதில் அடங்கியது 1.44 மெகாபைட் மட்டுமே. பின்னர் 700 மெகாபைட் கொள்ளும் இறுவட்டு வந்தது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் விரல் அளவிலான பென் டிரைவை விற்பனைக்கு விட்டது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 32 கிகாபைட் பென் டிரைவில் இருபதாயிரம் புளொப்பிகளுக்கு மேற்பட்ட தகவல் அடங்கும்.

கொள்ளளவு வளர்ந்ததுபோல் ஆபத்தும் வளர்ந்தது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் உருவான 'பிரெய்ன்' என்ற வைரஸ் புளொப்பி மூலமாகவே கணனிக்குக் கணனி பரவியது. பென் டிரைவும் அவ்வாறே நோயைச் சுமக்கும். 2022இல் ஜப்பானின் அமாகசாகி நகரில், நகரவாசிகள் சுமார் 4,60,000 பேரின் விபரங்கள் இருந்த ஒரு பென் டிரைவை ஊழியர் ஒருவர் குடித்துவிட்டு வீதியில் உறங்கியபோது தொலைத்துவிட்டார். சில நாட்களில் அது கிடைத்தது. கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது என்பதே மக்களுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

எமது ஊரில் ஆபத்து பெரும்பாலும் போட்டோக்கொப்பிக் கடையிலேயே தொடங்குகிறது. ஸ்கேன் செய்த அடையாள அட்டை அந்தக் கடைக் கணனியிலேயே தங்கிவிடலாம். அதைக் கொண்டு வேறொருவர் உங்கள் பெயரில் சிம் அட்டை பெறவோ கடன் கேட்கவோ முயலலாம். 'அழித்துவிட்டோம்' என்று கடைக்காரர் சொன்னாலும் அது முழுதாக அழிந்ததாகாது. செக்ரோலில் பெயரை வெட்டினால் ஆள் மறைந்துவிடுவதில்லை அல்லவா?

அப்படியானால் என்ன செய்யலாம்?

மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையில் வைத்து, மழைக்காலத்தில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஸ்கேன் பிரதி மூலப் பத்திரமாகாது. ஆயினும் அதிலுள்ள பதிவு இலக்கமும் திகதியும், பிரதேச செயலகத்தில் சான்றிதழின் புதிய பிரதி பெறப் பெரிதும் உதவும். முடியுமானால் நம்பிக்கையான ஒருவரின் சொந்தக் கணனியில் ஸ்கேன் செய்து, கடவுச்சொல் இட்டுப் பூட்டுங்கள். பென் டிரைவும் பழுதடையும். ஆகவே ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். வழியில் கிடந்த பென் டிரைவைக் கணனியில் செருகாதீர்கள்.

பபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில் இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலம் வாங்கினார். உறுதியில் முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும் இருந்தன. இரண்டையும் நெடுநாள் நிலைக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். ஊரே அழியும் நேரத்திலும், மக்கள் ஒருநாள் தம் நிலத்துக்குத் திரும்புவார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடும் அதே கவனத்தோடும் நாமும் எமது பத்திரங்களைக் காப்போம்.