தொப்பியில் ஒரு துண்டுத் தோல்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், வெட்டுகிறேன். பன்றித் தோலில் மயிர்க்கால்கள் மும்மூன்றாகக் கூடியிருக்கும். மாட்டுத் தோலில் அப்படி இருக்காது. தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதையே சாயம் ஏற்றி விரல் அகலத்துக்கு நறுக்கிக் கொடுத்தால் நானும் தடுமாறுவேன். வேலூர்க் கோட்டைக்குப் போகும்போதெல்லாம், அங்கே சிப்பாய்களைக் கிளர்ந்தெழ வைத்த ஒரு துண்டுத் தோல் நினைப்புதான் எனக்கு.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் புது உடுப்பு விதி கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றிக்குறி, கடுக்கன், தாடி எதுவும் கூடாது. மீசையை எல்லோரும் ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும். தலைப்பாகை போய், தொப்பி மாதிரி ஒன்று வந்தது. அதில் தோலால் ஒரு சின்னம். தொப்பிக்காரன் என்றாலே அன்றைக்கு வெள்ளைக்காரன்தான். போதாததற்கு, தோல் பசுவுடையதா பன்றியுடையதா என்ற சந்தேகம் வேறு.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. ஆயுள் முழுக்க உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் போக வழியில்லை. நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்கும் சுபேதார் சல்யூட் அடிக்க வேண்டும். இந்த எரிச்சல் ஏற்கெனவே இருந்தது. 1806 மே மாதம் வேலூரிலேயே ஒரு பிரிவு தொப்பியை மறுத்தது. முன்னின்ற இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி என்று தீர்ப்பானது. தொள்ளாயிரம்! எண்ணிக்கொண்டு நின்றவன் யாரோ.

ஜூலை 9 அன்று, கோட்டைக்குள் காவலில் இருந்த மைசூர் சுல்தான் திப்புவின் குடும்பத்தில், அவர் மகளுக்குக் கல்யாணம். மறுநாள் காலை பயிற்சி இருந்ததால் சிப்பாய்கள் பலர் உள்ளேயே தங்கினார்கள். விடிவதற்குள் துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையரும் செத்தார்கள். கோட்டைக்கு மேல் திப்புவின் புலிக்கொடி ஏறியது.

வெளிக்கதவுகளைக் காக்க மறந்ததுதான் வினை. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். மதிலிலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த பீரங்கி உள்கதவை உடைத்தது. அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் 350 பேர் வரை மாண்டதாகக் கணக்கு.

திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கிரடாக்கையும் சென்னை கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. தொப்பி உத்தரவை அந்த ஜூலையிலேயே வாபஸ் வாங்கிவிட்டார்கள்.