பிக்-அப்பைத் தூக்கி, பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தக்காளி ஏற்றக் காத்திருக்கும் பிக்-அப்களின் பின்புறம் கொஞ்சம் தூக்கியே நிற்கும். அது குறை இல்லை. லோடு ஏறியதும் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வரணும் என்றே அப்படி வடிவமைக்கிறார்கள்.

‘கெத்தா இருக்கும்’னு முன்புறம் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால், காலி வண்டி மட்டமாகத் தெரியும். லோடு ஏறினால் மூக்கு மேலே போகும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

சரி, டயர்? 215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 30 மி.மீ. கூடும். வண்டி உயர்வதோ வெறும் 15 மி.மீ. (இதுக்குத்தான் இவ்வளவு செலவு!) சரியாகக் காட்டிவந்த ஸ்பீடோமீட்டர் இனி 60 காட்டும்போது நிஜ வேகம் 62-ஐத் தாண்டும். சக்கரம் பெரிதானதால் அதே பிரேக்கை இன்னும் அழுத்தி மிதிக்கணும். சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில், முழு லோடோடு, பிரேக் சூடேறும் நேரத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடை விதிக்கிறது. 2019 திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

டயர் மாற்றியே ஆகணும் என்றால், அந்த மாடலுக்குக் கம்பெனி அனுமதித்த அளவுகளை மேனுவலில் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள லோடு இண்டெக்ஸ், கம்பெனி டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது.